எச்.ஐ.வி. ஆன்டிபாடி பரிசோதனை: எப்போது எடுப்பது, கோட்டை எப்படிப் படிப்பது

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எடுக்கும் ரத்தத்தில் வைரஸைத் தேடுவதில்லை. அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியைத்தான் தேடுகிறார்கள். இதை மறந்தால்தான் குழப்பம்.

முதலில் நாள் கணக்கு. ஆன்டிபாடி பிடிபடும் அளவுக்குப் பெருகப் பெரும்பாலும் 3 முதல் 12 வாரம் ஆகும். போன வாரச் சந்தேகத்துக்கு இந்த வாரம் 'இல்லை' என்று வந்தால் அது பதிலே அல்ல. 3 மாதம் முடிந்ததும் மறுபடி பாருங்கள். சந்தேகப்படும் சம்பவம் நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் உடனே போய்த் தடுப்பு மருந்து கேளுங்கள். 28 நாள், ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும்.

சோதனை அட்டையில் வைரஸின் ஜிபி41, ஜிபி120 போன்ற புரதங்களைக் கோடாகப் பூசியிருப்பார்கள். ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தால் அங்கே ஒட்டிக்கொள்ளும், நிறம் தெரியும். அட்டை சரியாக வேலை செய்கிறது என்று காட்டுவது 'சி' (கன்ட்ரோல்) கோடு. அது வராத அட்டை செல்லாது; புதியது எடுக்க வேண்டும். கிட் தாளில் போட்டிருக்கும் நிமிடத்துக்குள் மங்கலாகக் கோடு தெரிந்தாலும் அது கோடுதான். நேரம் கடந்து, அட்டை காய்ந்தபின் தெரிவதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. பல கிட்டுகள் 30 டிகிரிக்கு மேல் தாங்காது. மே மாத வெயிலில் பைக் பெட்டியில் கிடந்ததை நம்புவது வீண்.

ஒரே கிட்டை வைத்து 'பாசிட்டிவ்' என்று சொல்வது தவறு. வேறு எதற்கோ உருவான ஆன்டிபாடியும் சில சமயம் ஒட்டிவிடும். அதனால்தான் வெவ்வேறு வகை கிட் மூன்றிலும் கோடு வந்தால் மட்டுமே உறுதி செய்கிறார்கள்.

இவ்வளவு ஆன்டிபாடி இருந்தும் வைரஸ் ஏன் சாவதில்லை? ஜிபி120 சர்க்கரைப் போர்வைக்குள் மறைந்திருக்கிறது, உருவையும் மாற்றிக்கொண்டே போகிறது. போன மாத வைரஸுக்குச் செய்த பூட்டு இந்த மாத வைரஸுக்குப் பொருந்தாது. போதாததற்கு, சிடி4 என்ற நோய் எதிர்ப்பு செல்லுக்குள் ஒளிந்திருப்பதை ஆன்டிபாடி எட்டவே முடியாது.

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்து சாப்பிடுபவர்கள் 'நெகட்டிவ் ஆகிவிட்டதா' என்று தனியார் லேபில் அட்டை போட்டுப் பார்ப்பது காசுக்குக் கேடு. வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்தாலும் ஆன்டிபாடி பொதுவாகப் போகாது, கோடு வந்துகொண்டேதான் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு.

தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு அட்டை இன்னும் மோசமாக ஏமாற்றும். தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியே வந்து 18 மாதம் வரைகூட இருக்கும். அதனால் 6 வாரத்தில் குதிகாலில் ரத்தம் எடுத்து, தாளில் உலர்த்தி, வைரஸையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.