புது ஸ்மார்ட் டிவியில் முதல் நாளே அணைக்க வேண்டியவை

கீழக்கரை, மண்டபம், தொண்டி என்று நம் கடற்கரை நெடுகிலும் இப்போது 43 அங்குல டிவி இல்லாத வீடு குறைவு. வளைகுடாவிலிருந்து வந்த பணமோ, தவணையோ, பண்டிகைத் தள்ளுபடியோ, எப்படியோ வீட்டுக்குள் வந்துவிடுகிறது. விலை ஏன் இவ்வளவு மலிவு என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். பெட்டியை விற்பதோடு வியாபாரம் முடிவதில்லை; நீங்கள் பார்ப்பதை விற்பதும் அதில் சேர்த்தி.

அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். வால்மார்ட் மளிகையும் துணியும் விற்கும் நிறுவனம். அது 2024-இல் விஸியோ என்ற டிவி நிறுவனத்தை 230 கோடி டாலருக்கு வாங்கியது. விஸியோவுக்குப் பெட்டி விற்பதில் பெரிய லாபம் ஒன்றுமில்லை. திரையில் போடும் விளம்பரத்தில்தான் லாபம். அதே விஸியோ, 1.1 கோடி டிவிகளில் மக்கள் பார்ப்பதை நொடிக்கு நொடி, முறையான ஒப்புதல் இல்லாமல் சேகரித்ததாக 2017-இல் வழக்கைச் சந்தித்து, 22 லட்சம் டாலர் கட்டித் தீர்த்துக்கொண்டது. சோப்பு விளம்பரத்தை எந்த வீடு பார்த்தது என்று டிவி சொல்லும். எந்த வீடு அந்தச் சோப்பை வாங்கியது என்று கடைக்கு முன்பே தெரியும். இரண்டையும் சேர்த்துவிட்டால், விளம்பரம் கொடுப்பவரிடம் நல்ல விலை பேசலாம். நம்மூருக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை: பிளிப்கார்ட்டின் பெரும்பங்கு 2018 முதல் வால்மார்ட்டிடம் இருக்கிறது. அமேசான், ஃபயர் டிவி என்ற தன் டிவி மென்பொருள் வழியாக இதே வேலையைச் செய்கிறது.

படி 1: வைஃபை கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்

டிவியைப் பொருத்த வரும் பையன் முதலில் கேட்பது அதைத்தான். பெரும்பாலான டிவிகளில் இணைப்பைத் தவிர்த்துவிட்டு மேலே போகலாம். கூகுளின் மென்பொருளில் ஓடும் கூகுள் டிவியில், இணையமில்லாமல் பார்ப்பதற்கு 'பேசிக் டிவி' என்ற தேர்வே இருக்கிறது. ஃபயர் டிவி பெரும்பாலும் ஆரம்பத்திலேயே இணையத்தையும் அமேசான் கணக்கையும் கேட்கும். கேபிள் பார்க்க மட்டுமே டிவி வாங்கியவர்கள், இணைப்பே கொடுக்காமல் இந்தப் படியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 2: ஒப்புதல் திரையை நீங்களே கையாளுங்கள்

கீழக்கரையில் உறவினர் வீட்டில் பார்த்தேன். நீளமான ஒப்பந்தம் திரையில் வந்ததும், வந்த பையன் ரிமோட்டை எடுத்து மளமளவென்று எல்லாவற்றுக்கும் 'அக்ரீ' அழுத்தினான். என்ன அது என்று கேட்டதற்கு, "இதைப் படித்துக்கொண்டிருந்தால் அஸர் தொழுகைக்குப் போக முடியாது, காக்கா" என்றான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தத் திரையே படிக்கவிடாத விதத்தில்தான் செய்யப்பட்டிருக்கிறது.

'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்ற பெரிய பொத்தானை அழுத்தாமல் கீழே போங்கள். பயன்பாட்டு விதிகளுக்கான கட்டம் கட்டாயம். நீங்கள் பார்ப்பதைக் குறித்துக்கொள்ளும் பார்வைத் தகவல், உங்கள் விருப்பத்தைப் பார்த்துப் போடும் விளம்பரம் ஆகியவற்றுக்கான கட்டங்கள் பெரும்பாலும் கட்டாயமில்லை. அவற்றை வெறுமையாக விடுங்கள்.

படி 3: திரையை வேவு பார்க்கும் வசதியை அணையுங்கள்

இதுதான் முக்கியமான படி. திரையில் ஓடும் காட்சியிலிருந்து டிவி சிறு சிறு துணுக்குகள் எடுத்து, விரல்ரேகை போல ஓர் அடையாளமாக்கி, நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும். அங்கே ஒப்பிட்டு, இன்ன சேனல், இன்ன விளம்பரம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், எல்ஜி டிவி 15 நொடிக்கு ஒருமுறையும் சாம்சங் டிவி நிமிடத்துக்கு ஒருமுறையும் இப்படி அனுப்பியது தெரியவந்தது.

"நான் அரசு கேபிள் செட்டாப் பாக்ஸில்தான் பார்க்கிறேன், எனக்கென்ன" என்பவர்கள் கவனியுங்கள். ஹெச்டிஎம்ஐ கம்பி வழியாக வரும் படத்தையும் இந்த வசதியால் அடையாளம் காண முடியும் என்று அதே ஆய்வு சொன்னது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் பாம்பன் கரையில் நிற்க, வீட்டில் பகலெல்லாம் டிவி ஓடும். பிறகு ஒருநாள் திடீரென்று பகலில் ஓடாது. தடைக்காலம் என்றால் என்னவென்று தெரியாத ஒருவருக்கும், அந்த வீட்டின் வருமானம் எந்த மாதத்தில் நிற்கிறது என்பதை ஊகிக்க இந்தக் கணக்கு போதும்.

சாம்சங்: செட்டிங்ஸ், ஆல் செட்டிங்ஸ், ஜெனரல் அண்ட் பிரைவசி, டெர்ம்ஸ் அண்ட் பிரைவசி என்று போய் 'வியூவிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்' என்பதை அணையுங்கள்.

எல்ஜி: செட்டிங்ஸ், ஜெனரல், சிஸ்டம், அடிஷனல் செட்டிங்ஸ், அங்கே 'லைவ் பிளஸ்' என்பதை அணையுங்கள். பிறகு 'யூசர் அக்ரிமென்ட்ஸ்' பகுதியில் பார்வைத் தகவலுக்கான ஒப்புதலையும் எடுத்துவிடுங்கள்.

ஃபயர் டிவி: செட்டிங்ஸ், ப்ரிஃபரன்சஸ், பிரைவசி செட்டிங்ஸ். உள்ளே வரிசையாக இருக்கும் சேகரிப்புகளை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும்.

மாடலுக்கு மாடல் இடம் கொஞ்சம் மாறும். 'பிரைவசி' என்ற சொல்லைத் தேடிப் போனால் தவறாது.

படி 4: விளம்பர அடையாள எண்

விளம்பரக்காரர்கள் உங்கள் டிவியை அடையாளம் காண வைத்திருக்கும் எண் இது. கூகுள் டிவியில் செட்டிங்ஸ், பிரைவசி, ஆட்ஸ் என்று போய் அந்த எண்ணை அழித்துவிடலாம். இதனால் விளம்பரம் நிற்காது. உங்களைக் குறிவைத்து வருவது குறையும், அவ்வளவுதான்.

படி 5: செயலிகள் வேறு கணக்கு

மேலே சொன்னவை டிவி நிறுவனத்துக்கு மட்டும். யூடியூப் போன்ற செயலிகள் தாமாகவே குறித்துக்கொள்ளும். அவற்றின் பார்வை வரலாற்றை அந்தந்தச் செயலிக்குள் போய்த்தான் நிறுத்த வேண்டும். கடையில் பொருள் வாங்கும் அதே மின்னஞ்சலை டிவியிலும் கொடுக்காமல், தனியாக ஒன்று தொடங்கிக்கொள்வது நல்லது.

படி 6: மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு

புதுப்பிப்பு வந்தபின் மறுபடியும் ஒப்புதல் கேட்டால் படி 2, படி 3 இரண்டையும் திரும்பச் செய்யுங்கள். உப்புக்காற்றில் போர்டு கெட்டு டிவியைப் பழுதுக்குக் கொடுத்து வாங்கினாலும் அப்படியே. போர்டு மாறினால் நீங்கள் வைத்த அமைப்பெல்லாம் போயிருக்கும். பழைய ஸ்மார்ட் டிவியைத் தம்பி வீட்டுக்குக் கொடுக்கும்போது 'ஃபேக்டரி ரீசெட்' செய்துவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் பார்ப்பதெல்லாம் உங்கள் கணக்கில் ஏறும்.