1868 என்று போட்டிருந்தால் அது 1868-ல் அச்சான படம் ஆகிவிடாது

பனி மூடிய பண்ணை வீடு, குதிரை இழுக்கும் சறுக்கு வண்டி, பக்கத்தில் வைக்கோல் கொட்டகை. இந்த மாதிரி அமெரிக்க நாட்டுப்புறப் படங்களை ஏராளமாக லித்தோவில், அதாவது கல்லில் வரைந்து எடுக்கும் அச்சில், அச்சிட்டு விற்றது நியூயார்க்கின் கரியர் அண்ட் ஐவ்ஸ். அந்தக் கம்பெனி 1907-ல் மூடிவிட்டது. இன்று கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மறுபதிப்புகள். அவற்றைச் சேர்ப்பதில் தப்பே இல்லை, நானும் அவற்றைத்தான் சேர்க்கிறேன். ஆனால் மறுபதிப்புக்கு அசல் விலை கொடுப்பதும், வாங்கியதைக் கீழக்கரை, தொண்டி, மண்டபம் காற்றில் நாசமாக்குவதும் தவிர்க்கக்கூடியவை.

முதலில் ஏமாற்றுவது வருடம். படத்தின் அடியில் பொடி எழுத்தில் பதிப்புரிமை வரி ஒன்று இருக்கும், அதில் 1868 என்றிருந்தால் அது அசல் பதிவான ஆண்டு. மறுபதிப்பு போடுகிறவர் படத்தோடு அந்த வரியையும் சேர்த்தே நகலெடுத்துவிடுகிறார். டிராவலர்ஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனி 1936 முதல் இந்தப் படங்களைக் காலண்டராகப் போட்டு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்து வந்தது, காலண்டரிலிருந்து வெட்டிய தாள்கள்தான் ஃபிரேமுக்குள் போய் ‘அரிய படம்’ ஆகின்றன.

அதனால் நகை ஆசாரி வைத்திருக்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புள்ளிகள் வரிசை பிசகாமல் பூ மாதிரி கூடி நின்றால் அது ஆஃப்செட், சிவகாசிக் காலண்டரில் பார்க்கிற அதே அச்சு. அசலில் கல்லின் மேல் மெழுகுக் குச்சியால் வரைந்த ஒழுங்கற்ற மணல்மணிகள் தெரியும், மேலே கையால் பூசிய வண்ணம் அங்கங்கே கோட்டைத் தாண்டியிருக்கும். புள்ளி வரிசை இல்லாவிட்டால் அசல் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள், ஜெலட்டின் பூசிய கண்ணாடியிலிருந்து எடுக்கும் கொலோடைப் அச்சிலும் வரிசை தெரியாது, இன்றைய நல்ல இங்க்ஜெட்டிலும் தெரியாது. கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் காட்டிப் பார்க்கலாம். தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் அதில் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது, அதாவது பெரும்பாலும் 1950-க்குப் பிந்திய தாள். ஒளிராவிட்டால் அது எதையும் நிரூபிக்காது.

பழைய படம் எல்லாம் லித்தோ இல்லை என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். நம் கோயில்களையும் மலைகளையும் வரைந்த ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரின் படங்கள் அக்வாடிண்ட், செப்புத் தகட்டில் அமிலம் வைத்து அரித்தவை. ஓரம் வெட்டாமல் இருந்தால் தகடு அழுந்திய பள்ளம் தாளில் தெரியும்.

சரி, வாங்கியாகிவிட்டது. இனிமேல்தான் நம் ஊர்ப் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தாள் ஊறி நெளியும், கண்ணாடியில் நேராக ஒட்டியிருக்கும் படம் அதோடு பிடித்துக்கொள்ளும், பிரித்தால் மை உரிந்து வந்துவிடும். நடுவில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைத்துத் தரச் சொல்லுங்கள், பின்பக்கம் பிளைவுட் வேண்டாம் என்றும் சொல்லுங்கள், கடைக்காரர் ‘எல்லாரும் இப்படித்தான் சார் போடுறாங்க’ என்பார், விட்டுக்கொடுக்காதீர்கள். கடலைப் பார்த்த வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள், ஃபிரேமின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்று போய்வரும், கரையான் ஏறினாலும் சீக்கிரம் கண்ணில் படும்.

ஈரமான படத்தை மாடியில் வெயிலில் காயப்போடுகிறவர்களை என்ன சொல்வது? வண்ணம் வெளுத்துப்போகும். மின்விசிறிக்குக் கீழே, ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் வைத்தால் போதும். கையால் வண்ணம் பூசிய படம் என்றால் ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, அது வெறும் நீர்வண்ணம்.

அப்புறம் லேமினேஷன். ஜெராக்ஸ் கடையில் சில நிமிஷத்தில் முடிகிற வேலை, ஆனால் திரும்ப எடுக்க வழியே கிடையாது. பாலித்தீன் உறைக்குள் இறுக மூடி வைப்பதும் அதற்குத் தம்பிதான், உள்ளே மாட்டிய ஈரம் பூஞ்சையாகும். காலண்டரின் மேல் தகரப் பட்டை இருந்தால் அதை மட்டும் பக்குவமாகக் கழற்றிவிடுங்கள், இங்கே துரு பிடித்துத் தாளில் இறங்கிவிடும். கம்பெனி பெயரும் காலண்டர் வருடமும் உள்ள கீழ்ப்பகுதியை, ஃபிரேமுக்குள் அழகாக இல்லை என்று வெட்டிவிடாதீர்கள். அது யார் போட்ட, எந்த வருட மறுபதிப்பு என்று சொல்கிற அடையாளம் அதுதான், பின்னால் விற்கும்போது வாங்குகிறவர் முதலில் தேடுவதும் அதைத்தான்.