வீட்டிலேயே 16 பக்கப் படக்கதைப் புத்தகம் செய்வது எப்படி?

மூன்றிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு அதன் வீட்டையும் கூட்டாளிகளையும் வைத்து ஒரு புத்தகம் செய்ய ஏ4 தாள் நான்கு, அட்டைக்கு ஒரு கெட்டித் தாள், ஊசி, நூல் போதும். படம் வரைய வராதே என்றுதான் பலரும் தயங்குவார்கள். ஆனால் வேலை கெடுவது பெரும்பாலும் படத்தால் அல்ல, கதையைப் பக்கங்களுக்குச் சரியாகப் பிரிக்காததால்தான்.

நான்கு தாளையும் ஒன்றாகக் குறுக்கே மடித்தால் 16 பக்கம். முதல் பக்கம் தலைப்புக்கு. 2–3, 4–5 என்று 14–15 வரை ஏழு விரிப்புகள் (புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம் ஒரு விரிப்பு) கதைக்கு. 16ஆம் பக்கத்தைச் சும்மா விடுங்கள், பிள்ளையே ஏதாவது வரைந்துகொள்ளும். ஆக, உங்கள் கதைக்கு ஏழு காட்சிதான் இடம். பத்துக் காட்சி கைவசம் இருந்தால் மூன்றை வெட்டுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டைத் திணிக்க வேண்டாம். கேள்வியோ எதிர்பார்ப்போ வலப் பக்கத்தில், அதாவது ஒற்றைப்படைப் பக்கத்தில் முடிய வேண்டும். பதில் தாளைத் திருப்பியதும் வர வேண்டும். இடப் பக்கத்தில் கேள்வி வைத்தால் எதிர்ப் பக்கத்திலேயே பதில் தெரிந்துவிடும், திருப்புகிற ஆவல் போய்விடும்.

அங்கன்வாடிக்குப் புதிதாகப் போகும் பிள்ளைக்கு இப்படி ஒரு கதை. முதல் விரிப்பில் கயல் வாசலில் நிற்கிறாள், உள்ளே பாய் நிறையப் பிள்ளைகள். இரண்டாவதில் "கயல் எங்கே உட்காருவாள்?" மூன்றாவதில் ஜன்னலோரம் போய்ப் பார்க்கிறாள், அங்கேயும் இடமில்லை. நடு விரிப்பான 8–9இல் இரண்டு பக்கமும் நீளும் பாய், வரிசையாக முழங்கால்கள்; எழுத்தே இல்லை. ஐந்தாவதில் ஒரு பையன் நீட்டியிருந்த காலை மடக்குகிறான். ஆறாவதில் "இங்க உக்காரு." ஏழாவதில் வாசலில் இன்னொரு புதுப் பிள்ளை, இந்த முறை வரிசை முழுக்க நகர்கிறது. நட்பு என்ற சொல் எங்கும் இல்லை, தேவையும் இல்லை. காலை மடக்கியதைப் படம் காட்டிவிட்டது. கீழே 'நீதி' எழுதினால் பிள்ளை அடுத்த தடவை அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடும்.

குடும்பக் கதை என்றால் வீட்டில் உள்ளபடி வரையுங்கள். பாட்டி வளர்க்கும் பிள்ளையின் புத்தகத்தில் பாட்டிதான் சோறு ஊட்ட வேண்டும். அப்பா வளைகுடாவில் இருந்தால் அவர் கைபேசித் திரையில் வரட்டும், சாப்பாட்டுப் பந்தியில் உட்கார வைக்காதீர்கள். பெயருக்குப் பதில் பிள்ளை கூப்பிடும் முறையையே போடுங்கள்: சின்னத்தை, பெரியம்மா, மாமா.

ஒரு விரிப்புக்கு 15 சொல்லுக்கு மேல் வேண்டாம். விவரிப்பு எளிய எழுத்து நடையில் இருக்கட்டும், பேச்சு மட்டும் வீட்டில் பேசுவது போல. எழுத்தின் உயரம் 6 மில்லிமீட்டராவது வேண்டும். செய்தித்தாளில் போல வரி முடிவில் சொல்லை உடைக்காதீர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை பாதிச் சொல்லையே முழுச் சொல் என்று எடுத்துக்கொள்ளும். மாதிரி பார்க்க வேண்டுமென்றால், சிறுவர் நூல்கள் வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கதையை விட்டுவிட்டு, எந்த இடத்தில் பக்கம் திரும்புகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஜெராக்ஸ் தாளில் ஸ்கெட்ச் பேனா பின்பக்கம் ஊறும். 120 முதல் 150 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள் வாங்குங்கள். கிரேயான் எதிர்ப் பக்கத்தில் ஒட்டும், கலர் பென்சில்தான் தொல்லையில்லாதது. ஒரே ஆள் எல்லாப் பக்கத்திலும் ஒரே ஆளாகத் தெரிய முக ஒற்றுமை தேவையில்லை. மஞ்சள் சட்டை, இரட்டைச் சடை மாதிரி ஓர் அடையாளத்தை மாற்றாமல் வைத்தால் போதும். மடிப்பின் இருபுறமும் 1 சென்டிமீட்டருக்குள் முகமோ எழுத்தோ வரக் கூடாது. தாள்களை மடித்துச் செருகி, பென்சிலில் எண் போட்ட பிறகே வரையத் தொடங்குங்கள். பிரித்து வரையும்போது குழப்பம் வந்தால் ஒரு கணக்கு உண்டு: ஒரு தாளின் ஒரே முகத்தில் இருக்கும் இரண்டு பக்க எண்களையும் கூட்டினால் எப்போதும் 17 வரும்.

தைப்பதற்கு முன் கிளிப் போட்டு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் முடிப்பதற்குள் பிள்ளை தாளைத் திருப்பினால் அந்தப் பக்கத்தில் சொல் அதிகம். இப்போது திருத்தினால் ஒரு தாளோடு போகும்.

அட்டைக்கு 250 ஜிஎஸ்எம் போதும். மடிக்கும் முன் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடு இழுங்கள்; இல்லாவிட்டால் மடிப்பு வெடிக்கும். மடித்த அட்டைக்குள் தாள்களை வைத்து, எல்லாம் சேர்த்து மடிப்பின் மேல் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலிருந்தும் கீழிருந்தும் 3 சென்டிமீட்டரில் ஒவ்வொன்று. 65 சென்டிமீட்டர் கெட்டி நூல் எடுங்கள். தையல் மெஷின் நூல் தாளை அறுக்கும். அதுதான் இருக்கிறதென்றால் இரட்டையாக்கி மெழுகுவர்த்தியில் உரசிக்கொள்ளுங்கள். உள்ளிருந்து நடுத் துளை வழியே வெளியே வாருங்கள். மேல் துளையில் உள்ளே போய், நடுவைத் தாண்டி, கீழ்த் துளையில் வெளியே வந்து, திரும்ப நடுத் துளையில் உள்ளே. நீளத் தையலின் இருபக்கமும் நூலின் இரு முனைகள் நிற்கும். தையல் நடுவில் மாட்டும்படி முடிச்சுப் போடுங்கள். நூலை மடிப்பின் போக்கிலேயே இழுத்து இறுக்க வேண்டும், தூக்கி இழுத்தால் துளை கிழியும். சாதாரண ஸ்டேப்ளர் மடிப்பு வரை எட்டாது. எட்டினாலும் பின் துருப்பிடித்துக் கையைக் குத்தும்.

தைத்த பின் உள்தாள்கள் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரும்பு ஸ்கேலும் கட்டரும் வைத்து ஓரத்தில் 3 மில்லிமீட்டர் சீவிவிடுங்கள். ஒரே வெட்டில் முடிக்கப் பார்க்காமல் மெதுவாக நாலைந்து முறை இழுத்தால் ஓரம் நேராக வரும்.