மீன் செலவைக் குறைச்ச பிரீசர்

மாரி தொடங்கி கடல் கொந்தளிச்சா மட்டக்களப்புல மீன் விலை ஏறிரும், எங்கட வீட்டுச் செலவுல பெரிய பங்கு மீன்தான், அதால இப்ப வாழைச்சேனைப் பக்கம் மீன் மலிவாப் படுற நேரம் கூட வாங்கி, அண்டைக்கே வெட்டிக் கழுவி ஈரத்தை ஒத்தியெடுத்து பிரீசர்ல போட்டுருவன்.

ஒரு கறிக்குக் காணுற அளவுதான் ஒரு பேக்குல போடோணும், காத்தை அமத்தி வெளியேத்தி தட்டையா வைக்கோணும். இதுதான் முக்கியம். மொத்தமாப் போட்டா உள்ளுக்க மெல்லத்தான் உறையும், அப்ப ஐஸ் பெருசா வளந்து சதையைக் கிழிச்சிரும், பிறகு கறியில மீன் உதிர்ந்து போகும். பிரீசர் மைனஸ் 18ல நிக்கோணும். கீரி, சூடை மாதிரி எண்ணெய் கூடின மீனை ரெண்டு மூணு மாசத்துக்குள்ள முடிச்சிருங்க.

திருவின தேங்காப்பூவையும் இப்படியே வைக்கலாம், நல்லா நிக்குது.

கரண்ட் போனா கதவைத் திறக்கவே வேணாம், நிரம்பின பிரீசர் கிட்டத்தட்ட 48 மணித்தியாலம் குளிரைப் பிடிச்சு வைக்கும், அரைவாசி எண்டா 24. சமைக்கிறதுக்கு முதல் நாள் ராவு பேக்கை பிரிட்ஜ் கீழ்த்தட்டுல இறக்கி வைங்க, எங்கட வெக்கைக்கு வெளியில வச்சா பழுதாப் போயிரும்.