காமிக்ஸ் பட்டறைக்கு ஒரே ஒரு ஏ4 தாள் போதும்

நூலகத்தில் புதியவர்களுக்குக் காமிக்ஸ் பட்டறை நடத்தினால், ஆளுக்கு ஒரு ஏ4 தாளை மட்டும் கொடுத்து, வரைவதற்கு முன்பே அதை 8 பக்கக் குட்டிப் புத்தகமாக மடிக்கச் சொல்லுங்கள். தாளை எட்டுக் கட்டங்களாக மடித்துப் பிரித்து, நீளவாக்கு நடுக்கோட்டில் மத்தியில் உள்ள இரண்டு கட்ட நீளத்துக்கு மட்டும் வெட்டி, மறுபடி மடித்தால் புத்தகம் தயார். பின் அடிக்க வேண்டாம், தைக்கவும் வேண்டாம். அப்புறம் பக்க எண்களைப் பென்சிலில் குறித்துவிட்டுத் தாளை விரித்து வரையலாம். எண் போடுவதுதான் முக்கியம். விரித்த தாளில் ஒரு வரிசை தலைகீழாக இருக்கும், எண் இல்லாவிட்டால் குழப்பம் நிச்சயம்.

எல்லாப் பக்கங்களும் தாளின் ஒரே முகத்தில் வருவதால், ஒரு பக்க நகல் எடுத்தாலே முழுப் புத்தகமும் கிடைத்துவிடும். இருபுறமும் நகல் எடுப்பதைவிடச் செலவு குறையும். மார்க்கர் மை பின்பக்கம் ஊறினாலும் மடிப்புக்குள் மறைந்துவிடும். இரண்டு அட்டைகள் போகக் கதைக்கு ஆறு பக்கம்தான் மிச்சம். என்னைக் கேட்டால், இந்த நெருக்கடிதான் புதியவரைக் கதையை முடிக்க வைக்கிறது.

நகல் இயந்திரம் ஓரங்களை விட்டுவிடும். அதனால் தாளின் விளிம்பில் அரை சென்டிமீட்டர் காலியாக விடச் சொல்லுங்கள்.

கெட்டியான ஓவியத்தாளுக்கு இது ஒத்துவராது, மடிப்பு உப்பிக்கொள்ளும். வசனம் நிறைய எழுதுபவர்களுக்கும் சிரமம்தான், ஒரு பக்கத்தின் அகலம் 74 மில்லிமீட்டர்தானே! அவர்களுக்கு ஏ3 தாள் கொடுங்கள். ஆறு பக்கத்தில் அடங்காத கதை என்றால், வழக்கம்போல நடுவில் பின் அடித்த புத்தகமே சரி.