முதல் வேகனை வரவழைக்கும் முன்

நாமக்கல்லில் லாரியிலிருந்து புண்ணாக்கு மூட்டை இறக்கிப் பழகியவன் நான். இப்போது பென்சில்வேனியாவில் ஒரு தீவன ஆலைக்குக் கொள்முதல் பார்க்கிறேன். இங்கே சோயாப் புண்ணாக்கு மூட்டை கட்டாமல் உதிரியாக ரயிலில் வருகிறது. மூடிய வேகன் ஒன்றில் ஏறத்தாழ 90 டன். லாரி என்றால் நான்கு பிடிக்க வேண்டும். ரயிலுக்கு மாறப்போகும் சிறு ஆலைக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

உங்கள் வாசலுக்கு வரும் தண்டவாளம் யாருடையது என்று முதலில் விசாரியுங்கள். இந்தப் பக்கத்துப் பெரிய ரயில் கம்பெனிகள் திவாலாகி, 1976இல் கான்ரெயில் என்ற ஒரே நிறுவனமாகச் சேர்க்கப்பட்டபோது, வருமானமில்லாத கிளைப் பாதைகள் பல கைவிடப்பட்டன. 1980இல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம், அத்தகைய பாதைகளைக் கைமாற்றுவதை எளிதாக்கியது. வாங்கி ஓட்டுபவர்களுக்கு ‘ஷார்ட் லைன்’ என்று பெயர். நாடு முழுக்க ஏறத்தாழ 600 இருக்கின்றன. எல்லாமே புதியவை அல்ல. இங்கே பென்சில்வேனியாவிலேயே உள்ள ஸ்ட்ராஸ்பர்க் ரயில்பாதை 1832இல் சாசனம் பெற்றது. மொத்த நீளமே ஏழு கிலோமீட்டர்தான். நீராவி வண்டியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுவதோடு சரக்கும் இழுக்கிறது.

அடுத்து எடை. இன்றைய வேகன் சரக்கோடு சேர்த்து 2,86,000 பவுண்டு வரை இருக்கலாம். பழைய கிளைப் பாதைகள் சில 2,63,000க்கு மேல் தாங்காது. இதைக் கேட்காமல் முழுப் பாரத்துக்கு ஆர்டர் போட்டால், வேகன் பாதி வழியில் நின்றுவிடும்.

பெரிய ரயில் உங்கள் வேகனைச் சந்திப்பில் கழற்றிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஷார்ட் லைன் என்ஜின் இழுத்து வரும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும். எங்களுக்கு வருவது 1950களில் செய்த ஜி.பி.9 என்ற டீசல் என்ஜின். பாதையின் தரத்துக்கு அனுமதித்த வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர், சைக்கிள்காரன் முந்திவிடுவான். ஆனால் தொலைபேசியில் அழைத்தால் பேச ஆள் இருக்கிறார், நம் குரலையும் அடையாளம் தெரிந்து வைத்திருக்கிறார். அதற்காகவே எனக்கு இவர்களைப் பிடிக்கும்.

வேகனின் எழுத்தையும் எண்ணையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்து ‘எக்ஸ்’ என்று முடிந்தால் அது ரயில்வேக்குச் சொந்தமில்லாத தனியார் வேகன். காலியானதும் அந்த எண்ணைச் சொல்லி, ‘விடுவித்தோம்’ என்று மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். முதல் மாதம் நான் வெள்ளி மாலை காலி செய்துவிட்டு, மின்னஞ்சல் அனுப்பாமல் வீட்டுக்குப் போனேன். வேகன் சும்மா நின்றது, டெமரேஜ், அதாவது வேகனைத் தாமதமாக விடுவிப்பதற்கான கட்டணம், ஓடியது. பில்லைப் பார்த்த முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தாளை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டுப் போனார்.

இறக்கும் நாளில் கைபிரேக் இறுகியிருக்கிறதா என்று நீங்களே பிரேக்கின் கைச்சக்கரத்தைத் திருகிப் பாருங்கள். நீலப் பலகையை வையுங்கள். அது இருக்கும்வரை எந்த என்ஜினும் வேகனைத் தொடாது. கீழ்க் கதவைத் திறக்கும் முன் மேல் மூடியைத் திறந்துவிடுங்கள், காற்றுப் போக வழி வேண்டும். சோயாப் புண்ணாக்கு கோதுமை போல ஓடாது. வழியெல்லாம் குலுங்கி இறுகி, கூரை போலக் கவிந்து நிற்கும், கீழே ஒரு பிடிகூட விழாது. வேகனின் அடிச்சரிவைப் பாருங்கள்: நமக்கு முன்னால் பொறுமையிழந்தவர்களின் சம்மட்டித் தடங்கள் அம்மைத் தழும்பு போல இருக்கும். சம்மட்டியைத் தொடாதீர்கள். அதிர்வுக் கருவியை வேகனின் சட்டத்தில் மாட்டிச் சில நிமிடம் ஓட்டினால் போதும், முதலில் மணல் சரிவது போல ஓர் ஓசை, பிறகு மொத்தமும் இறங்கும். உள்ளே இறங்கிக் குத்திவிட எவரையும் அனுப்பக் கூடாது. புண்ணாக்கு சரிந்தால் ஆளை மூடிவிடும்.

கடைசியாகத் தண்டவாளத்தைப் பெருக்குங்கள். சிந்திய தூள் ரயிலின் சக்கர விளிம்பு ஓடும் பள்ளத்தில் தங்கி, ஒரு மழை பெய்தால் சிமெண்டாக இறுகிவிடும், அடுத்த வேகன் அதில் ஏறித் தடம் புரளும். எங்கள் கார்டு என்ஜினிலிருந்து இறங்கியதும் முதலில் பார்ப்பது அந்தப் பள்ளத்தைத்தான். வணக்கம் அதற்குப் பிறகு.