புல்மேட்டுத் தீயைப் புள்ளிகளாகப் படிப்பது எப்படி?

மாசி பிறந்துவிட்டால் இடுக்கி மாவட்டத்துப் பூப்பாறைப் பக்கத்துப் புல்மேடுகளில் எங்காவது புகை எழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு தீயையும் 'எங்கே, எப்போது' என்று ஒரு புள்ளியாகக் குறித்து, அந்தப் புள்ளிகள் ஏன் அப்படி விழுந்தன என்று கேட்பதுதான் இட-காலப் புள்ளிச் செயல்முறை. புள்ளியியலுக்கான ஆர் (R) நிரல்மொழியில் ஒரு கோப்பைத் திறக்கத் தெரிந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

முதலில் தரவு. நாசாவின் தீத் தகவல் தளமான ஃபிர்ம்ஸில் (FIRMS), செயற்கைக்கோளில் உள்ள வீயர்ஸ் (VIIRS) கருவி கண்ட தீப்புள்ளிகள் 2012 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. இடுக்கி, தேனி இரண்டையும் சேர்த்தே எடுங்கள். தீ போடிமெட்டுச் சோதனைச்சாவடியில் நின்று அனுமதி கேட்பதில்லை. பிறகு அட்சரேகை, தீர்க்கரேகைகளை யூடிஎம் (UTM) 43 வடக்கு என்ற வரைபட ஆயமுறையில் மீட்டராக்குங்கள். இது ஒரு வரி வேலை.

அடுத்த படியில்தான் நான் சறுக்கினேன். வீயர்ஸ் படத்தின் ஒரு கட்டம் (பிக்சல்) 375 மீட்டர். ஒரு கிலோமீட்டர் நீளத் தீ ஒரே நேரத்தில் பல புள்ளிகளாகப் பதியும். பகலில் பதிந்தது இரவிலும் பதியும். அவற்றைத் தனித்தனித் தீயாக எண்ணி, 'தீ தீயை ஈர்க்கிறது' என்று பெருமையாக வரைபடம் போட்டேன். நான் கண்டது ஒரே தீயின் துண்டுகளை! ஆகவே 750 மீட்டருக்குள், ஒரு நாளுக்குள் உள்ளவற்றை ஒரே நிகழ்வாக்குங்கள். 750 என்பது என் தேர்வு. 500, 1000 வைத்தும் பாருங்கள். முடிவு தலைகீழானால் அதை நம்ப வேண்டாம்.

இனி செறிவு: ஓர் இடத்தில், ஒரு நாளில் எத்தனை தீ எதிர்பார்க்கலாம் என்ற அளவு. ஆனையிறங்கல் அணையின் நீர்ப்பரப்பை ஆய்வு எல்லையிலிருந்து வெட்டிவிடுங்கள். புல்லா சோலையா, சரிவு, சாலைத் தொலைவு, மாதம் ஆகியவற்றை விளக்க மாறிகளாக்கி, எளிய பாய்சான் மாதிரியை, அதாவது ஒரு தீ இன்னொன்றைப் பாதிக்காது என்று கொள்ளும் எண்ணிக்கை மாதிரியைப் பொருத்துங்கள். புல் இருக்குமிடத்தில் தீ குவிவதை ஈர்ப்பு என்று மயங்காமலிருக்க இதுவே காப்பு.

அதன் பிறகும் கொத்து மிஞ்சுகிறதா என்று ஆர் மொழியின் எஸ்டிபிபி (stpp) தொகுப்பிலுள்ள இட-கால கே சார்பு (ஒரு புள்ளியைச் சுற்றி எதிர்பார்த்ததைவிட அதிகப் புள்ளிகள் உள்ளனவா என்று அளப்பது) காட்டும். மிஞ்சினால் பலர் உடனே, ஒரு நிகழ்வு அடுத்ததைத் தூண்டும் ஹாக்ஸ் மாதிரிக்குத் தாவுவார்கள். நிலநடுக்கத்தின் பின்னதிர்வுகளுக்கு அது கச்சிதம். புல்மேட்டில் கதை வேறு: எரிந்த சரிவில் மறுபடி எரிய எதுவும் இல்லை, மழை பெய்து புல் தழைத்தாக வேண்டும். எரிந்த பகுதியை அந்தப் பருவத்தின் மிச்ச நாட்களுக்கு எல்லையிலிருந்து நீக்கிவிட்டு பாய்சான் மாதிரியை மீண்டும் ஓட்டுங்கள்.